உடன்பிறந்தார் பாசத்தை மாயக்கதையாக்கிப் படப்புத்தகம் செய்யும் முறை

உடன்பிறந்தவர்களின் பாசத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு மாயக்கதை எழுதி, அதற்குப் படமும் வரைய முற்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே வழுக்கிவிடுகிறார்கள். "அக்காளும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள்" என்று கதை தொடங்குகிறது. அந்த வரியைக் கேட்கும் ஐந்து வயதுக் குழந்தையின் மனக்கண்ணில் எதுவும் எழுவதில்லை. ஓவியருக்கும் அதில் வரைய ஒன்றும் கிடைக்காததால் இருவரையும் கைகோத்துச் சிரிக்க வைத்துவிடுகிறார். அதற்குப் பதிலாக, "தம்பி தூங்கும்வரை அக்கா தன் போர்வையின் பாதியை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள்" என்று எழுதிப் பாருங்கள். இப்போது வரைவதற்கு ஒரு போர்வை இருக்கிறது, இரண்டு கைகள் இருக்கின்றன, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அக்காவின் கால்கள் இருக்கின்றன. இந்த வகைக் கதையில் பாசம் என்பது ஒருவர் கையால் செய்யும் செயலாகவும், அதற்காக அவர் கொடுக்கும் விலையாகவும் தெரிய வேண்டும். அந்தச் சொல் புத்தகத்தில் ஒருமுறைகூட வராமலிருந்தால் இன்னும் நல்லது.

விளக்கத்துக்கு வசதியாக ஒரு சிறு கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி மலைக்குகையின் வாயிலில் நின்று கூவுகிறான். எதிரொலி திரும்பி வரவில்லை. அவன் குரலையே குகை வைத்துக்கொள்கிறது. அதைத் திருப்பித் தரும்படி கேட்கப் போகும் அக்காவிடம், இரவுக்கு ஒன்றாக ஏழு இரவுகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றும், சொன்னது அவளுக்கு அடியோடு மறந்துபோகும் என்றும் குகை நிபந்தனை விதிக்கிறது. ஆறு இரவுகளில் அவளுக்குத் தெரிந்த ஆறு கதைகளும் தீர்ந்துவிடுகின்றன. ஏழாம் இரவில் அவளிடம் மிஞ்சியிருப்பது தம்பியைத் தூங்கவைக்கப் பாடும் தாலாட்டு ஒன்றுதான். அதையும் கொடுத்துவிடுகிறாள். குரல் கிடைக்கிறது. அன்றிரவு அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. பாட வாயெடுத்தால் பாட்டும் வரவில்லை. மீண்டு வந்த குரலில் தம்பி அதை அவளுக்குப் பாடுகிறான். கதை இவ்வளவுதான். இதில் தேவதை கிடையாது, அரண்மனை கிடையாது. தேவதைக் கதை என்று நாம் வழங்கும் கதைகள் பலவற்றில் தேவதை வருவதே இல்லை. உலகத்தின் ஒரு விதி மட்டும் மாறியிருக்கிறது, அவ்வளவே. உங்கள் கதையிலும் மாயத்தை ஒரே ஒரு விதியாகச் சுருக்கி, அதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால், பாதிக் கதையில் குழந்தை விதியை மறந்துவிடும்.

யார் மூத்தவர் என்பதை முதலில் முடிவு செய்க

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த முடிவிலிருந்து தப்ப வழியில்லை. சகோதரன், சகோதரி, உடன்பிறப்பு என்னும் சொற்கள் மேடைக்கும் கடிதத்துக்கும் உரியவை. வீட்டுக்குள் இருப்பவர்கள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஆகிய நால்வர் மட்டுமே. யார் பெரியவர், யார் சின்னவர் என்பது நம் உறவுச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே கதையின் முதல் சொல்லை எழுதும்போதே, யார் யாரைச் சுமக்கப்போகிறார் என்ற எதிர்பார்ப்பும் வந்துவிடுகிறது. மூத்தவர் விட்டுக்கொடுப்பார், இளையவர் காப்பாற்றப்படுவார் என்பதே அந்த எதிர்பார்ப்பு. அதை அப்படியே நிறைவேற்றும் கதை, கேட்டுக்கொண்டிருக்கும் மூத்த குழந்தைக்கு ஒரு கட்டளையாகப் போய்ச் சேர்கிறது. பெரியவளாகப் பிறந்த குற்றத்துக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடு என்று ஏற்கெனவே தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் புத்தகமும் அதையே சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு, இளையவர் கையிலும் ஒரு வேலையைக் கொடுப்பதுதான். இந்தக் குகைக் கதையின் முதல் வரைவில் அக்கா ஏழு இரவும் மலையேறினாள், தம்பி வீட்டில் உட்கார்ந்து அழுதான். அதை வாசித்துக் காட்டியபோது ஒரு சிறுமி, "அவ்வளவு நாளும் தம்பி என்ன பண்ணிட்டு இருந்தான்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே தம்பியின் கையில் ஒரு விளக்கைக் கொடுத்தேன். முதல் இரவில் அவன் விளக்குடன் வீட்டு வாசற்படியில் காத்திருக்கிறான். இரண்டாம் இரவில் வேலிவரை வந்துவிடுகிறான். அடுத்து ஆலமரம், பிறகு ஓடை, பாலம், மலையடிவாரம். ஏழாம் இரவில் அக்கா குகையிலிருந்து வெளியே வரும்போது அவன் குகை வாயிலிலேயே நிற்கிறான். இதைப் பற்றிக் கதையில் ஒரு சொல்கூட எழுதவில்லை. படத்தில் மட்டும் விளக்கின் ஒளி இரவுக்கு இரவு மலையை நெருங்கிக்கொண்டே வருகிறது. இரண்டாம் முறை படிக்கும்போது குழந்தைகள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பழைய கதைகள் இதில் நமக்கு நல்ல ஆசிரியர்கள். ஹான்சலும் கிரேட்டலும் காட்டுக்குள் விடப்படும் கதையில், முற்பாதியில் கூழாங்கற்களைப் போட்டு வழி காட்டுகிறவன் அண்ணன்; பிற்பாதியில் அவன் கூண்டுக்குள் அடைபட்டிருக்க, சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளி அவனை மீட்கிறவள் தங்கை. கை மாறுகிறது. இருவரில் யார் மற்றவரைக் காப்பாற்றினார் என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. அந்தக் கதை இத்தனை காலம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

விளி முறையையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். தம்பி அக்காவை "நீ" என்கிறானா, "நீங்க" என்கிறானா? இரண்டு வழக்கும் உண்டு, இரண்டும் சரியே. ஆனால் மூன்றாம் பக்கத்தில் "வா அக்கா" என்றவன் பத்தாம் பக்கத்தில் "வாங்க அக்கா" என்றால், காரணம் தெரியாமலேயே குழந்தை அவனை அந்நியனாக உணரும். எட்டு வயது இடைவெளி இருந்தால் "நீங்க" இயல்பாக ஒட்டும். இரண்டு மூன்று வயதுதான் என்றால் "நீ" போதும்.

சண்டை இல்லாத வீட்டை எந்தக் குழந்தையும் நம்பாது. எனவே தொடக்கத்தில் ஒரு சிறிய சண்டை அவசியம். ஆனால் அந்தச் சண்டையையே ஆபத்துக்குக் காரணமாக்கிவிடாதீர்கள். "கொஞ்ச நேரம் பேசாம இரு" என்று அக்கா கோபத்தில் சொல்ல, மறுநாளே தம்பியின் குரல் போய்விடுவதாக எழுத எனக்கும் ஆசை வந்தது. கதைக்கட்டு என்ற அளவில் அது மிகக் கச்சிதமானது. ஆனால் தான் நினைத்ததாலோ சொன்னதாலோ கெட்டது நடந்துவிடும் என்று சிறு குழந்தைகள் உண்மையிலேயே நம்பும் வயது அது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால், தான் அவனைத் திட்டியதுதான் காரணம் என்று நான்கு வயது அக்கா இரவெல்லாம் விழித்திருக்கக் கூடும். அதனால் சண்டையைப் போர்வைக்கான இழுபறியாக மாற்றி, அதே பக்கத்தில் தீர்த்தும் வைத்தேன்.

விலை என்ன, அது எந்தப் பொருளில் தெரிகிறது

இந்த வகைக் கதைக்கு மிக நீண்ட மரபு இருக்கிறது. உலக நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே-தாம்சன்-ஊத்தர் அட்டவணையில், தன் சகோதரர்களைத் தேடிச் செல்லும் பெண்ணின் கதைக்கு 451 என்று தனி எண்ணே உண்டு. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் தொகுதியிலேயே இவ்வகைக் கதைகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், அன்னப்பறவைகளாகிவிட்ட ஆறு அண்ணன்களை மீட்க ஒரு தங்கை ஆறு ஆண்டுகள் பேசாமலும் சிரிக்காமலும் இருந்து, விண்மீன் போன்ற பூக்களால் ஆறு சட்டைகள் தைக்க வேண்டும். கெடு முடியும் வேளையில் கடைசிச் சட்டையின் இடக்கை மட்டும் தைக்கப்படாமல் நின்றுவிடுகிறது; அதனால் கடைசி அண்ணனுக்கு இடக்கை இருக்க வேண்டிய இடத்தில் அன்னத்தின் சிறகு தங்கிவிடுகிறது. டென்மார்க்கின் ஆண்டர்சன் 1838-இல் எழுதிய கதையில் அண்ணன்கள் பதினொருவர். அங்கே அந்தப் பெண் காஞ்சொறிச் செடியைக் கையால் பறித்து, காலால் மிதித்து நசுக்கி நாராக்கிச் சட்டை பின்ன வேண்டியிருக்கிறது, கைகள் கொப்புளிக்கின்றன.

இக்கதைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அன்னப்பறவையை அல்ல, அது அவர்களுடையது. எடுத்துக்கொள்ள வேண்டியது சட்டையைத்தான். ஆறு ஆண்டு மௌனம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அந்த மௌனத்தை எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகச் சட்டை மாற்றிவிடுகிறது. ஒரு சட்டை முடிந்தது, இன்னும் ஐந்து. ஐந்து முடிந்தது, இன்னும் ஒன்று. தைக்கப்படாத அந்த ஒரு கை, எவ்வளவு முயன்றாலும் எல்லாவற்றையும் ஈடுசெய்ய முடியாது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. ஓவியருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை.

எனவே உங்கள் கதையில் பாசத்தின் விலை எது என்று கண்டுபிடித்தவுடன், அந்த விலையைக் காட்டும் பொருள் எது என்று கேளுங்கள். குகைக் கதையில் அக்கா கொடுப்பது நினைவை. நினைவை எப்படி வரைவது? முதல் பக்கத்தில் சண்டை போட்ட அந்தப் போர்வையில் ஏழு பறவைகள் தைக்கப்பட்டிருக்கின்றன. அக்கா அதைப் போர்த்திக்கொண்டுதான் மலையேறுகிறாள். ஒவ்வோர் இரவு கழியும்போதும் போர்வையில் ஒரு பறவை குறைகிறது. பறவை இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் தெரிகின்றன. இதையும் எழுத்தில் சொல்லவில்லை. ஏழு பறவைகளுக்கும் வெவ்வேறு உருவம் கொடுத்தேன்: ஒன்று கழுத்து நீண்டது, ஒன்று வால் இல்லாதது, ஒன்று தலையைத் திருப்பிப் பார்ப்பது. எது போயிற்று என்று குழந்தை விரலை வைத்துத் தேட வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் அடையாளம் தெரிய வேண்டும்.

விலைக்கு ஓர் எல்லையும் வேண்டும். கிரிம் தொகுப்பின் ஏழு காக்கைகள் கதையில், கண்ணாடி மலையின் கதவைத் திறப்பதற்காகத் தங்கை தன் சுண்டுவிரலையே வெட்டிச் சாவியாக்குகிறாள். வாய்மொழியில் ஒரு நொடியில் கடந்துவிடும் இந்தச் செயல், படமாக வரையப்பட்டால் பக்கத்திலேயே நின்றுவிடும். குழந்தை வேண்டுமட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்கு முதல் ஏழு வயதுக்கான புத்தகத்தில் உடலை அறுத்துக் கொடுக்கும் பாசம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இழப்பது உண்மையான இழப்பாக இருக்கட்டும். ஆனால் அது மற்றவரால் ஈடுசெய்யப்படக்கூடியதாக இருக்கட்டும்.

எதிரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மாற்றாந்தாயைக் கொடியவளாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஹான்சல், கிரேட்டல் கதையின் 1812 பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாயே; பிந்தைய பதிப்புகளில்தான் அவள் மாற்றாந்தாயானாள். வளர்க்கிறவரை "அம்மா" என்று அழைத்துக்கொண்டு உங்கள் புத்தகத்தைப் புரட்டும் குழந்தைகளும் இருக்கிறார்கள். குகையைப் போல, கெட்டதும் அல்லாத நல்லதும் அல்லாத ஒன்றே போதும்.

முப்பத்திரண்டு பக்கத்துக்குள் கதையைப் பங்கிடுதல்

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவதற்குக் காரணம் அச்சுத்தாளை மடிக்கும் முறை. ஒரு பெரிய தாளை மடித்தால் எட்டின் மடங்கிலேயே பக்கங்கள் கிடைக்கும். முதல் பக்கம் தலைப்புக்கும், 2, 3 ஆகியவை பதிப்பு விவரத்துக்கும் காணிக்கைக்கும் போனால், 4-5 தொடங்கி 30-31 வரை எதிரெதிரே விரியும் பதினான்கு இரட்டைப் பக்கங்களும், கடைசியில் 32ஆம் பக்கம் தனியாகவும் உங்களுக்கு இருக்கும். எட்டுத் தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கம் கொண்ட ஒரு மாதிரிப் புத்தகம் கைக்குக் கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் கணினித் திரையில் மட்டும் திட்டமிடாதீர்கள். பக்கத்தைப் புரட்டும்போது கை எங்கே தயங்குகிறது என்பதைத் திரை சொல்லாது.

ஏழு இரவுக்கு ஏழு இரட்டைப் பக்கங்களைக் கொடுத்தால் பாதிப் புத்தகம் அதிலேயே போய்விடும். மூன்றாம் இரவிலேயே குழந்தை சலித்துவிடும். எனவே முதல் இரவுக்கு ஓர் இரட்டைப் பக்கம் முழுவதும், இரண்டு முதல் ஆறு வரையிலான இரவுகளுக்குச் சேர்த்து ஒரே இரட்டைப் பக்கத்தில் ஐந்து சிறிய படங்கள், ஏழாம் இரவுக்கு மட்டும் இரண்டு இரட்டைப் பக்கங்கள் என்று பங்கிட்டேன். இந்த ஏற்றத்தாழ்வுதான் கதைக்கு மூச்சைக் கொடுக்கிறது. தம்பி குரலை இழக்கும் இரட்டைப் பக்கத்தில் எழுத்தே கிடையாது. வாய் திறந்தபடி நிற்கும் அவனும், அவனைச் சுற்றி வெறும் வெள்ளைத் தாளும் மட்டும். உரக்க வாசிக்கிறவரின் குரலும் அங்கே நின்றுபோகிறது; அந்த அமைதியில் என்ன நடந்தது என்பது குழந்தைக்குக் காது வழியாகவே புரிந்துவிடுகிறது.

திருப்பத்தை எப்போதும் வலப்பக்கத்தின் இறுதியில் வையுங்கள். "குகை கேட்டது" என்று வலப்பக்கம் முடிய வேண்டும். என்ன கேட்டது என்பது புரட்டியபின் தெரிய வேண்டும்.

எழுத்து

நான்கு முதல் ஏழு வயதுக்கு நானூறு, ஐந்நூறு சொற்களே போதும். தமிழ்ச் சொல் ஒன்றே ஒரு தொடரின் வேலையைச் செய்துவிடுவதால், சொற்களின் எண்ணிக்கையைவிட ஒரு சொல்லின் நீளத்தில் அதிகக் கவனம் வேண்டும். "பாடிக்கொண்டிருந்தவளுக்காகக் காத்திருந்தான்" என்பது பெரியவருக்கு ஒரு மூச்சு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அது ஒரு மலை. "அவள் பாடினாள். அவன் காத்திருந்தான்." என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

கதை சொல்லும் நம் பாட்டிமார் "போனாளாம், கேட்டாளாம்" என்றுதான் சொல்வார்கள். அந்த "ஆம்" விகுதி கதையை எங்கோ தொலைவான ஒரு காலத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. மாயம் நடப்பதற்கு அங்கேதான் இடம் இருக்கிறது. ஆனால் புத்தகம் முழுவதும் அப்படியே போனால், ஏழாம் இரவில் அக்காவின் அருகே நிற்க வேண்டிய வாசகர் தூரத்திலேயே நின்றுவிடுவார். தொடக்கத்தின் இரண்டு பக்கங்களுக்கு மட்டும் "ஆம்" வைத்துவிட்டு, குரல் தொலைந்த இடத்திலிருந்து நேரடியாகப் "போனாள், கேட்டாள்" என்று மாறிவிடுவது எனக்குப் பிடித்த வழி. உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. எழுதலாம் என்பதே என் முடிவு. "பயமாக இருக்கிறதா?" என்று எந்த அக்காவும் தம்பியிடம் கேட்பதில்லை, "பயமா இருக்கா?" என்றுதான் கேட்கிறாள். எந்த ஒரு வட்டாரத்துக்கும் மட்டும் உரியதாக ஒலிக்காத எளிய பேச்சு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு, கதை சொல்லும் பகுதியை எளிய எழுத்துத் தமிழில் வைத்தால் இரண்டும் முரண்படாது.

இரட்டைக்கிளவிகள் இந்த வயதுக்குக் கிடைத்த பெரும் செல்வம். விளக்கு மினுமினு என்று எரியட்டும், ஓடை சலசல என்று ஓடட்டும், கால்கள் கிடுகிடு என்று நடுங்கட்டும். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம்.

தாலாட்டை நீங்களே எழுதுவது நல்லது. நான் எழுதியது இது:

"தூங்கு காற்றே, தூங்கு இலையே,
தூரத்து மலையே, நீயும் தூங்கு.
என் அருகே உறங்குபவன் எழும்வரை
எல்லோரும் மெல்லப் பேசுங்கள்."

இது புத்தகத்தில் மூன்று முறை வருகிறது. முதல் பக்கத்தில் அக்கா பாடுகிறாள். ஏழாம் இரவில் குகைக்குக் கொடுக்கும்போது எழுத்துகளின் நிறம் வரிக்கு வரி வெளிறிக்கொண்டே போகிறது. கடைசியில் தம்பி பாடும்போது "உறங்குபவன்" என்பது "உறங்குபவள்" ஆகிறது. ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. அந்த மாற்றத்தை விளக்கி ஒரு வரி எழுதிவிட வேண்டும் என்று கை துடிக்கும், எழுதாதீர்கள். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்ற பழமொழியைக் கடைசிப் பக்கத்தில் போட்டு முடிக்கச் சொல்லி உங்களிடம் யாரேனும் கேட்டாலும் இணங்காதீர்கள். பழமொழி நல்லதுதான், ஆனால் குழந்தை தானே வந்து சேர்ந்த இடத்தில் பெயர்ப்பலகை நட வேண்டியதில்லை.

படம்

இருவரையும் பக்கம் பக்கமாக வரையத் தொடங்கும் முன், ஒரே தாளில் இருவரும் நிற்பது, ஓடுவது, குனிவது, பின்பக்கம் என்று பலவாறு வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். உயரத்தை அங்கேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். வளர்ந்தவரின் உடல் ஏறத்தாழ ஏழு முதல் ஏழரைத் தலை உயரம் கொண்டது; ஐந்து வயதுக் குழந்தை ஐந்து, ஐந்தரைத் தலை; பத்து வயதில் ஆறு, ஆறரை. படப்புத்தகத்தில் தலையைச் சற்றுப் பெரிதாக்குவது வழக்கம்தான், ஆனால் விகிதம் இருவருக்கும் ஒன்றுபோல மாற வேண்டும். தம்பியின் உச்சி அக்காவின் தோளுக்குக் கீழே எங்கே வருகிறது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால், பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் திடீரென வளர்ந்து நிற்கும் விபத்து நேராது.

இருவருக்கும் இடையிலுள்ள தூரமே இந்தப் புத்தகத்தின் உண்மையான மொழி. சண்டைப் பக்கத்தில் ஒரே போர்வையின் இரு முனைகளில் இருவர். குரல் போனபின் ஒரே அறையில் இருந்தும் இடையில் ஒரு பெரிய வெற்றிடம். மலைப்பயணத்தில் இரட்டைப் பக்கத்தின் இரு கோடிகளில் இருவர். கடைசியில் மட்டும் இருவரும் ஒரே கோட்டுருவமாக ஒட்டிக்கொள்கிறார்கள். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் என்பதால், வலப்பக்கம் நோக்கிப் போகும் உருவம் முன்னேறுவதாகவும், இடப்பக்கம் நோக்கி வருவது திரும்புவதாகவும் கண்ணுக்குப் படும். ஆகவே குகை எப்போதும் வலக்கோடியிலும் வீடு இடக்கோடியிலும் இருக்கட்டும். முகத்தில் கண்ணீரையும் பெரிய கண்களையும் வரைந்து உணர்ச்சியைக் கூட்டுவதைவிட, முதுகைக் காட்டி வரைவது பல இடங்களில் ஆழமாக வேலை செய்யும். குகைக்குள் நுழையும் அக்காவை நான் முதுகுப் பக்கமாகவே வரைந்தேன். போர்வையை இறுகப் பிடித்திருக்கும் விரல்கள் மட்டும் தோளருகே தெரிகின்றன.

இந்தக் கதையின் பெரும்பகுதி இரவில் நடப்பதால் இருட்டைப் பற்றி ஒரு சொல். கறுப்பு வண்ணத்தைப் பூசி இரவை உண்டாக்காதீர்கள். அது தாளை அடைத்துவிடும். அல்ட்ராமரீன் நீலத்துடன் பர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பைக் கலந்தால் ஆழ்ந்த சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை உயிருள்ள இருட்டுகள் பல கிடைக்கும். நீலம் மிகுந்தால் குளிர்ந்த இரவு, பழுப்பு மிகுந்தால் குகையின் உட்பகுதி. விளக்குக்கு மட்டும் ஒரு மஞ்சளை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு எதற்கும் அந்த மஞ்சளைத் தொடாமலிருங்கள். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளே நல்லது. மெல்லிய தாள் ஈரத்தில் அலையலையாக நெளியும். அச்சில் இருட்டு இன்னும் அடர்ந்துவிடும் என்பதால், உங்களுக்குச் சரியாகத் தோன்றுவதைவிட ஒரு படி வெளிச்சமாகவே வரையுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு மை அச்சில் மங்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அச்சுக்கான மற்ற செய்திகள் சிலவே. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கப் படத்தை எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்துவிடுங்கள். அச்சிடும் அளவிலேயே குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்குமாறு ஸ்கேன் செய்யுங்கள். நடுமடிப்பில் முகமோ கையோ எழுத்தோ வரக் கூடாது. கைகோத்து நிற்கும் இருவரின் கைகள் சரியாக மடிப்புக்குள் விழுங்கப்பட்ட ஒரு பக்கத்தை நானே செய்து வருந்தியிருக்கிறேன். எழுத்துக்கான இடத்தைப் படம் முடிந்தபின் தேடாமல், முதல் கோட்டிலேயே வானமாகவோ சுவராகவோ ஒதுக்கிவிடுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் உறுப்புகள் இருப்பதால் வரி இடைவெளி தாராளமாக வேண்டும். 20 பாயின்ட் அளவும் அதன் ஒன்றரை மடங்கு வரி இடைவெளியும் கண்ணுக்கு இதமாக இருக்கும். வரியின் இறுதியில் சொல்லை இரண்டாக உடைக்கும் செய்தித்தாள் வழக்கம் குழந்தைப் புத்தகத்துக்கு ஒருபோதும் ஆகாது.

வாசித்துப் பார்த்தல்

மாதிரிப் புத்தகத்தைப் பென்சில் படங்களோடு முடித்தவுடன், வண்ணத்தைத் தொடும் முன்பே குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் அக்கா தம்பியையோ அண்ணன் தங்கையையோ சேர்த்து உட்காரவைத்து வாசியுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அந்தக் கேள்வியால் பயன் இல்லை. அவர்களின் கண்ணைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் பார்வை சன்னலுக்குப் போகிறதோ அந்தப் பக்கத்தில் சொற்கள் மிகுதி. எந்தப் பக்கத்தைப் புரட்டவிடாமல் விரலை வைத்து அழுத்துகிறார்களோ அதைத் தொடாதீர்கள். மூத்தவர் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, இளையவர் எழுந்து போய்விட்டால் இளையவரின் கையில் போதிய வேலை இல்லை என்று பொருள். விளக்கைப் போல ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். வாசித்து முடித்தபின் புத்தகத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். படிக்கத் தெரியாத சின்னவர் படங்களைக் காட்டிப் பெரியவருக்குக் கதை சொல்லத் தொடங்கினால், வண்ணப் பெட்டியைத் திறக்கலாம்.

மிஞ்சியிருப்பது 32ஆம் பக்கம். குகைக் கதையில் அந்தப் பக்கத்துக்கு எழுத்து இல்லை. காலை வெயிலில் போர்வை கொடியில் காய்கிறது. ஏழு பறவைகள் இருந்த இடங்களில் ஊசித் துளைகள் மட்டும் இருக்கின்றன. ஒரு மூலையில், கரித்துண்டால் கிறுக்கியதுபோல, ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் எட்டாவதாக ஒரு பறவை நிற்கிறது. கொடிக்குக் கீழே தெரியும் இரண்டு சிறிய கைகளிலும் கரி அப்பியிருக்கிறது.